பேராண்டி கட்டும் விறகு கேஸ் தோங்

வாடா பேராண்டி, அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரு. குளுவாங் முழுக்க உன் பேச்சுதான். பெசி புரோக் கடைத் தவுக்கே என்னைப் பார்த்ததும், "பேரன் ரோக்கெட் கட்டுறானா?"ன்னு கேட்கிறான். ஒரு பீர் தோங், நாலடி ஸ்டெயின்லஸ் குழாய், பளபளன்னு ஒரு மூடி, எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போனியாமே. விறகுல கேஸ் எடுத்து இஞ்சின் ஓட்டப் போறேன்னு நீ சொன்னதும் அவன் சிரிக்கலையாம், விலையைத்தான் ஏத்தினானாம். கெட்டிக்காரன், எனக்குப் பிடிச்சிருக்கு அவனை.

உன் கோபம் எனக்குப் புரியாம இல்ல. 2024 ஜூன் 10-ஆம் தேதி பொழுது விடிஞ்சப்போ தீபகற்பத்துல டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலேருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியிருந்தது. கத்திரிக்கும் வெண்டிக்கும் தண்ணி பாய்ச்சுற உன் பம்பு அன்னைக்குத்தான் உனக்குப் பகையாளி ஆச்சு. சரி. ஆனா அது டீசல் பம்புங்கிறதை யாராவது உனக்கு ஞாபகப்படுத்தினாங்களா? விறகு கேஸை மட்டும் குடிச்சிட்டு டீசல் இஞ்சின் ஓடாது. அதுல பிளக் கிடையாது. காத்தை அமுக்குற சூட்டுலதான் டீசல் பத்திக்கும், விறகு கேஸ் அந்தச் சூட்டுக்கெல்லாம் லேசுல மசியாது. பத்த வைக்கிறதுக்குன்னே கொஞ்சம் டீசல் உள்ளே போயிக்கிட்டே இருக்கணும். நல்லா அமைஞ்சா முக்கால் பங்கு டீசல் மிச்சமாகும், கால் பங்கு செலவு அப்படியே நிக்கும். பெட்ரோல் ஜெனரேட்டர்னா முழுக்க விறகு கேஸுலயே ஓடிடும். ஆனா இஞ்சின் பலத்துல மூணுல ஒரு பங்கு காணாமப் போகும், பாதி போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கூலிக் கணக்கையும் கேளு. ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யுற வேலைக்கு நல்லா காய்ஞ்ச விறகு மூணு கிலோ பக்கம் வேணும். 2025 செப்டம்பர் 30-லேருந்து மைகாட் நீட்டுற நம்ம ஆளுக்கு ரோன் 95 லிட்டர் 1.99 வெள்ளிக்குக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. ஆகமொத்தம், நீ மூணு கிலோ விறகைத் துண்டு போட்டு, காய வச்சு, சுமந்து கொட்டினா உனக்குக் கூலி ரெண்டு வெள்ளிக்கு ஒரு காசு குறைச்சல். அந்தக் காலத்துத் தண்டல் இப்படி ஒரு கூலி சொல்லியிருந்தா உன் கொள்ளுத்தாத்தா மறுநாளே சங்கத்துல பேர் கொடுத்திருப்பாரு.

இதெல்லாம் கேட்டுட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கியே, அப்போ கட்டத்தான் போற. கட்டு. செம்பனை ஆலையில பாய்லர் வாசல்ல வயசைக் கரைச்சவன் நான். நெருப்பு விஷயத்துல புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கு, கேட்காம இருக்க உனக்கும் உரிமை இருக்கு.

மொதல்ல இது நீ கண்டுபிடிச்ச சமாச்சாரம்னு பெண்டாட்டிகிட்ட பீத்திக்காதே. ஜோர்ஜ் இம்பெர்ட்டுன்னு ஒருத்தர் 1920-கள்லயே இதுக்கு ஒரு நல்ல அமைப்பு கண்டாரு. ரெண்டாம் உலகச் சண்டையில பெட்ரோல் வறண்டதும் ஜெர்மனியில மட்டும் அஞ்சு லட்சம் வண்டிகள் வரைக்கும் விறகுலயும் கரியிலயும் ஓடுச்சு. சுவீடன்ல சண்டைக் காலத்துல ரோட்டுல பார்த்த வண்டியில பெரும்பாலும் முதுகுல அடுப்பைச் சுமந்த வண்டிதான். நம்ம பக்கம்? மதுரையில டி.வி. சுந்தரம் ஐயங்கார் தன் பஸ்ஸுங்க நின்னு போகக்கூடாதுன்னு டி.வி.எஸ். கேஸ் பிளாண்டுன்னு சொந்தமாவே செஞ்சாரு. தமிழ்நாட்டுக் கிழவங்களைக் கேட்டா 'கரி பஸ்'னு சொல்லுவாங்க. மேடு வந்தா எல்லாரையும் இறக்கிவிட்டுத் தள்ளச் சொல்லுவானாம் கண்டக்டர், டிக்கெட் காசுல மட்டும் ஒரு காலணா குறைக்க மாட்டானாம்.

இங்கேயும் நடந்திருக்கு. 1942 ஜனவரி 31-ஆம் தேதி கடைசி வெள்ளைக்காரப் பட்டாளம் ஜோகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துச்சு, பாலத்தையும் உடைச்சுவிட்டுச்சு. அதுக்கப்புறம் சப்பான்காரன் ஆட்சியில பெட்ரோல் பட்டாளத்துக்குத்தான், சனங்களுக்குக் கரி. பின்னாடி ஒரு தோங்கைக் கட்டிக்கிட்டு இருமிக்கிட்டே போற லோரியை எங்கப்பா ஆயர் ஹித்தாம் ரோட்டுல பார்த்திருக்காரு. அப்போ அந்தத் தோங்கை யாரும் ஸ்டெயின்லஸ்ல செய்யல. கிடைச்ச இரும்புல செஞ்சாங்க, ஓட்டை விழுந்தா மாத்தினாங்க.

அதைத்தான் சொல்ல வர்றேன். உன் பளபளப்புக்கு வருவோம்.

இந்த அடுப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எந்த இரும்பு எங்கேன்னு புரியும். மேலே விறகு காயுது. அதுக்குக் கீழே காத்து இல்லாம வெந்து கரி, புகை, தாருன்னு பிரியுது. இன்னும் கீழே, குழாய் வழியா காத்து நுழையுற இடத்துல எரியுது. அங்கே சூடு 1100, 1200 டிகிரி, சில நேரம் 1400 வரைக்கும் போகும். அங்கே பிறந்த கரியமில வாயுவும் நீராவியும் தகதகன்னு கிடக்குற கரிக்குள்ள புகும்போது, கரி அதுங்ககிட்ட இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்குது. அப்போ கிடைக்கிற கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான் உன் இஞ்சினுக்குச் சாப்பாடு. இந்தப் பிடுங்கல் வேலையில சூடும் செலவாகும், அதனால கரிப் படுக்கையோட அடிப்பக்கம் 800, 700-ன்னு இறங்கிடும். எரியுற இடத்துக்குக் கீழே ஒரு கழுத்து, அதாவது குறுகலான வாசல். தாரெல்லாம் அந்தச் சூட்டுக்குள்ள நுழைஞ்சுதான் வெளியே போகணும்னு வச்சிருக்கிற சோதனைச் சாவடி அது. உன் சின்ன இஞ்சினுக்கு அந்த வாசல் உள்ளங்கை அகலம் இருந்தா பெருசு. அகலமா வச்சா தாரு சிரிச்சுக்கிட்டே தப்பிச்சு இஞ்சின் வால்வுல போய் ஒட்டிக்கும். ரொம்பக் குறுக்கிட்டா இஞ்சின் மூச்சு முட்டும்.

ஆக, மொத்த அடுப்புலயும் இரும்பைத் தின்னுற இடம் ஒரு சாண் உயரம். நீ என்ன பண்ணியிருக்கே? 200 டிகிரிகூட எட்டாத வெளிச்சுவருக்கும் மூடிக்கும் ஸ்டெயின்லஸ், கழுத்துக்கு மட்டும் யாரோ தூக்கிப்போட்ட மெல்லிசுத் தகரம். பட்டு வேட்டி கட்டிக்கிட்டு வெறுங்காலோட பால் வெட்டப் போற கதையா இருக்கு.

சாதா இரும்பை எடுத்துக்கோ. அது உருகுறதுக்கு 1500 டிகிரி பக்கம் வேணும், அதனால தாங்கும்னு நீ நெனைப்பே. உருகுறது வேற, தாங்குறது வேற. 500 டிகிரி தாண்டினா பலம் மளமளன்னு குறையும், 550-க்கு மேல சிட்டம் கட்டிச் செதில் செதிலா உரியும். நம்ம ஆலை பாய்லர் கதவுல அந்தச் செதிலைக் கூட்டி அள்ளினவன் நான். இருந்தாலும் 6 மில்லி தகட்டுல கழுத்தை வெட்டி வச்சா கொஞ்ச காலம் உழைக்கும், விலையும் குறைவு.

லோரி பிரேக் டிரம்மை வச்சுக் கழுத்து செய்யுறவங்களும் உண்டு. தடியா இருக்கு, வட்டமா இருக்கு, பெசி புரோக் கடையில சும்மா கிடக்கு, ஆசை வரத்தான் செய்யும். ஆனா வார்ப்பிரும்பு சாதா இரும்புக்கு முன்னாடியே, 1150, 1200-லயே உருகிடும். காத்துக்குழாய் வாய்க்கு நேரா அதை வைக்காம, கொஞ்சம் தள்ளிக் கீழே வை. சூடா இருக்கும்போது அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தினா 'டக்'குன்னு ஒரு சத்தம் கேட்கும். அதுக்கப்புறம் உன்கிட்ட ரெண்டு பிரேக் டிரம் இருக்கும்.

ஸ்டெயின்லஸ் எல்லாம் ஒரே சாதி கிடையாது. 304-ங்கிறது நல்ல பாத்திர வகை, குரோமியம் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு. அணைச்சு அணைச்சு எரிக்கிற அடுப்புல 870 டிகிரி வரைக்கும் செதில் விடாது. சாம்பல் தட்டுக்கும் கரிப் படுக்கை அடிக்கும் அது போதும். 316 கொடுக்கிறேன்னு கடைக்காரன் மேல காசு கேட்டா வேணாம்னு சொல்லு. அதுல சேர்த்திருக்கிற மாலிப்டினம் உப்புக்காத்துக்கு நல்லது, மெர்சிங் கடற்கரையில படகு கட்டினா வாங்கு. நெருப்புக்குன்னே பிறந்தது 310. குரோமியம் 25 பங்கு, நிக்கல் 20 பங்கு, ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் நிக்கும். நிக்கல் அவ்வளவு இருக்கிறதால விலையும் நிக்கும். பாசிர் கூடாங்ல ரசாயன ஆலை வேலை எடுக்கிற பட்டறைங்கள்ல வெட்டுத்துண்டு கேட்டுப் பாரு. உனக்கு வேண்டியது ஒரு சாண் துண்டு, முழுத் தகடு இல்ல.

தவுக்கே காந்தத்தை ஒட்டிக் காட்டினானாமே, ஒட்டலைன்னதும் 304-ன்னு நீ நம்பிட்டியாமே. 200 வரிசைன்னு ஒண்ணு இருக்கு பேராண்டி. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு போட்டு மலிவாக்கின சரக்கு. அதுலயும் காந்தம் ஒட்டாது, ஆனா 304 தாங்குற சூட்டை அது தாங்காது. அதுக்கு நேர்மாறா 430-ல காந்தம் நல்லா ஒட்டும். நிக்கலே இல்லாத அந்தச் சரக்கு 800 டிகிரி வரைக்கும் மானத்தோட நிக்கும். கிரைண்டர்ல தேய்ச்சுப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். சாதா இரும்புல பொறி நீளமா வெள்ளையாத் தெறிக்கும், ஸ்டெயின்லஸ்ல குட்டையா, செம்மஞ்சளா, கம்மியா வரும். எந்த எண் ஸ்டெயின்லஸ்னு பொறி சொல்லாது. சீட்டு ஒட்டின சரக்கை வாங்கு, இல்லைன்னா எது தெரியுமோ அதுக்கு மட்டும் காசு கொடு.

அடுத்தது வெல்டிங். உனக்கு ஒட்டுறதுன்னா உயிர், கூரையில இருந்து கோழிக்கூண்டு வரைக்கும் ஒட்டி வச்சிருக்கே. கழுத்தை மட்டும் ஒட்டாதே. ஸ்டெயின்லஸ் சூட்டுல சாதா இரும்பைவிட அதிகமா நீளும். 30 சென்டிமீட்டர் 304 துண்டு 800 டிகிரி ஏறினா 4 மில்லி நீண்டுடும், பக்கத்துல இருக்கிற சாதா இரும்பு 3 மில்லி சொச்சத்தோட நின்னுடும். ரெண்டையும் சேர்த்து ஒட்டி வச்சா அந்த ஒட்டுதான் மொதல்ல விரிசல் விடும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்துல. ஒரு விளிம்பு வச்சு, அது மேல கழுத்துத் தகட்டைச் சும்மா உட்கார வை. சுத்தி விரல் நகம் போற இடைவெளி விடு, சாம்பல் வந்து அதுவே அடைச்சுக்கும். தேய்ஞ்சா தூக்கிப் போட்டுட்டு வேற வை.

சாம்பலைச் சாதாரணமா நெனைக்காதே. இம்பெர்ட் பரம்பரையில பின்னாடி வந்தவங்க கழுத்தை V வடிவத்துல வச்சு, சுத்தியும் சாம்பல் தானா தேங்கட்டும்னு விட்டாங்க. அந்தச் சாம்பல்தான் இரும்புக்கு மேல போர்வை, நெருப்பு நேரா தகட்டைத் தொடாது. காசு கொடுத்து வாங்குற எந்த உலோகமும் செய்யாத வேலையை அது ஓசியிலேயே செய்யும். இன்னும் சுத்தமா வேணும்னா உள்ளே சூளைச் சிமெண்டு பூசு. பெங்களூர்ல இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க கட்டினதுல உள்சுவர் பீங்கான் வகைதான். 1988-ல தும்கூர் பக்கம் ஹொசஹள்ளிங்கிற மின்சாரம் இல்லாத கிராமத்துக்கு அவங்க விறகு கேஸுல விளக்கு ஏத்தினாங்க. அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஆயர் ஹித்தாம், மச்சாப் பக்கம் போய்ப் பானைச் சூளையைப் பாரு. மலைப்பாம்பு நீளத்துக்குக் கட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேல எரிச்ச சூளை. உள்ளே நெருப்பு படுற இடத்துல எங்கேயாவது ஸ்டெயின்லஸ் தெரியுதான்னு தேடு. செங்கல்தான் தெரியும்.

நீ அச்செடுத்து வச்சிருக்கிற அமெரிக்கக் கையேட்டை நானும் புரட்டினேன், பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு. 1989-ல அமெரிக்க அரசாங்கத்தோட பேரிடர் இலாகாவான ஃபெமாவுக்காக எழுதினது. பெட்ரோலே இல்லாமப் போனா என்ன பண்றதுங்கிற அவசரக் காலத்துக்கு. அதுல சாம்பல் தட்டுக்கு ஓட்டை போட்ட ஸ்டெயின்லஸ் மாவுக்கிண்ணம், விறகு கொட்டத் துத்தநாகம் பூசின குப்பைத்தொட்டி. மாவுக்கிண்ணம் சரி, பாட்டியோடதைத் தொடாதே. குப்பைத்தொட்டி விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். துத்தநாகம் 419 டிகிரியில உருகும், 907-ல ஆவியாவே போயிடும். மேல்பக்கம் ஆறின இடம்தான், இருந்தாலும் தீ மேலே ஏறுற நாள் ஒண்ணு வரும். அதை ஒட்டுறப்போ வர்ற வெள்ளைப் புகையைச் சுவாசிச்சா ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும். பட்டறைப் பசங்க பால் குடிச்சா சரியாயிடும்பாங்க. பால் வயித்துக்குப் போகும், புகை போனது நெஞ்சுக்கு. துத்தநாகம் பூசின சிங்குத் தகட்டை எங்கே வேணுமோ அங்கே வை, விறகுக்கு மேல கூரையா.

பழைய கேஸ் தோங்கை வெட்டலாம்னு ஒரு யோசனை வச்சிருக்கியாம், உன் தம்பி சொன்னான். தகடு நல்ல தடிப்பு, உண்மைதான். ஆனா அந்தத் தோங் கேஸ் கம்பெனி சொத்து, உன் சமையல்கட்டுல இருக்கிறது இரவலா. காலியானதுலயும் உள்ளே மிச்ச கேஸ் இருக்கும். கிரைண்டர் பொறி பட்டா அது தன் கடைசி வேலையைச் செஞ்சுட்டுத்தான் போகும். வெட்டுறதுன்னு முடிவு பண்ணினா எண்ணெய் தோங்கோ எதுவோ, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பிட்டு வெட்டு.

இவ்வளவு நேரம் இரும்பைப் பத்தியே கேட்டியே, விறகைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியா? ஜோகூர்ல இந்த அடுப்புங்க தோத்துப் போறது இரும்பால இல்ல, ஈரத்தால. ஈரம் 20 பங்குக்குக் கீழே இருக்கணும். மறுநடவுக்கு வெட்டிப் போட்ட பால் மரத்தை அப்படியே கொண்டுவந்து போட்டா, பாதி எடை பக்கம் தண்ணி. நெருப்பு தண்ணியைக் காய்ச்சவே சரியாப் போகும், கழுத்துல சூடு ஏறாது, தாரு உடையாது, வாங்கின 310 குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்கும். வெட்டின கையோட துண்டு போட்டு, கூரைக்குக் கீழே காத்தோட்டமா அடுக்கு. பால் மரம் சும்மா கிடந்தா சீக்கிரமே நீலம் பூத்துடும். நவம்பர் மழைக்கு முன்னாடியே அந்தப் பருவத்துக்கு வேண்டியதைக் காய வச்சு எடுத்து வச்சுக்கோ. காய்ஞ்சிருச்சான்னு தட்டிப் பார்த்துத் தலையாட்டாதே. ஒரு துண்டை நிறுத்துப் பாரு, பாட்டிகிட்ட கெஞ்சி ஓவன்ல நூறு டிகிரி சூட்டுல வச்சு, எடை குறையுறது நிக்கிற வரைக்கும் காய வை, மறுபடி நிறு. குறைஞ்சது எவ்வளவோ அவ்வளவும் நீ இஞ்சினுக்கு ஊட்ட இருந்த தண்ணி.

செம்பனைக் குலைச் சக்கை ஆலையில மலையாக் கிடக்கே, அதைப் போடலாமேன்னு கேட்பே. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, சாம்பல் உருகிக் கட்டியாகிக் கழுத்தை அடைக்கும். வீட்டு அடுப்புக்கு அது ஆகாது. செம்பனைக் கொட்டை ஓடு, தேங்காய்ச் சிரட்டை, சீவின மரத்துண்டு, இதுங்க பரவாயில்ல. ஓதந்துறைன்னு கோயம்புத்தூர் பக்கம் ஒரு பஞ்சாயத்து. மரக்கழிவை எரிச்சு 9 கிலோவாட் கேஸ் இஞ்சின்ல ஊருக்குக் குடிதண்ணி இறைக்க 2003-லயே ஆரம்பிச்சாங்க. பஞ்சாயத்து பண்ணின வேலைதான், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் தேவைப்படல. கைப்பழக்கம் வர்ற வரைக்கும் நீ கரியில ஆரம்பி. கோல சபேதாங் கரி கடையில கிடைக்கும். கரியில தாரு அனேகமா போயிருக்கும், இஞ்சின் தப்பிக்கும். ஆனா காத்துக்குழாய் வாயில சூடு விறகைவிட ஜாஸ்தி, குழாய் முனை சீக்கிரம் தேயும். அதையும் மாத்துற வசதியோட மரையில திருகி வை.

இஞ்சினை ஓட்டாம, உள்ளே காத்து ஊதி, எல்லா மூட்டுலயும் சோப்புத் தண்ணி தடவிப் பாரு. ஓடும்போது இஞ்சின் உறிஞ்சுறதால ஓட்டை இருந்தா கேஸ் வெளியே வராது, காத்து உள்ளே போகும். உள்ளே போன காத்தும் கேஸும் கலந்து ஒருநாள் 'டமார்'னு ஒரு சேதி சொல்லும். அதனால மூடியைப் போல்ட்டு போட்டு இறுக்காதே, ஸ்பிரிங் வச்சு அமுக்கி வை. வெடிச்சா தூக்கிக் கொடுத்துட்டுத் தானே உட்கார்ந்துக்கும்.

கடைசியா ஒண்ணு, இதுல கேலி கிடையாது. உன் கேஸுல நூத்துல இருபது பங்கு கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல. வீட்டுக் காத்துல ஆயிரத்துல ஒரு பங்கு கலந்தாலே ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆளைச் சாய்ச்சுடும், நூத்துல ஒரு பங்குன்னா சில நிமிஷம்தான். இஞ்சினை நிறுத்தின பிறகும் உள்ளே கரி கேஸ் விட்டுக்கிட்டேதான் இருக்கும். ஓட்டும்போது தலை வலிச்சா பெனடோல் தேடாதே, மொதல்ல வெளியே நட. ஸ்டெயின்லஸ் மூடியைத் தவுக்கேகிட்டயே திருப்பிக் கொடு, பாதி விலைக்காவது எடுத்துக்குவான். அந்தக் காசுல மோனாக்சைடு அலாரம் ரெண்டு வாங்கி, ஒண்ணை உன் ரூம்ல மாட்டு, ஒண்ணைப் பாட்டி ரூம்ல மாட்டு. அப்புறம் அந்தத் தோங்கைக் கார் நிறுத்துற கொட்டகையிலேருந்து இன்னைக்கே தூக்கி, ஆட்டுப் பட்டிக்கு அந்தாண்ட வெட்டவெளியில கொண்டு போய் வை. பாட்டி படுக்குற ரூம் ஜன்னல் கொட்டகைப் பக்கம்தான் திறந்திருக்கு.